பெட்டகத்தை இழுத்த கார்கள்

'ஃபாஸ்ட் ஃபைவ்' (2011) மறுபடி பார்த்தேன். இந்த வரிசையில் 2001இல் வந்த முதல் படம் லாஸ் ஏஞ்சலிஸில் இரவு நேரத்தில் தெருவில் ரேஸ் விடுகிற இளைஞர்களின் கதை. ஓடுகிற லாரியை மடக்கி எலக்ட்ரானிக் சாமான்களைத் திருடுவார்கள், அவ்வளவுதான் குற்றம். பத்து வருடம் கழித்து, அதே ஆட்கள் ரியோ டி ஜெனிரோவில் 10 கோடி டாலருக்குக் குறி வைக்கிறார்கள். ரேஸ் படம் கொள்ளைப் படமாகிவிட்டது.

*

எனக்குப் பிடித்த கட் ஒன்று. நாயகர்கள் டாமும் பிரையனும் உள்ளூர் ரேஸ்காரர்கள் கூடுகிற இடத்துக்குப் போகிறார்கள். சவால் விட்டாயிற்று. பழைய படமாக இருந்தால் இனி ரேஸ்தான். இங்கே அடுத்த ஷாட்டிலேயே, ஜெயித்த நீல நிற போர்ஷே வந்து நிற்கிறது. ரேஸைக் காட்டவே இல்லை! எதை விடவேண்டும் என்று இயக்குநர் ஜஸ்டின் லின்னுக்குத் தெரிந்திருந்தது.

*

கொள்ளைக்கு ஆள் சேர்த்த விதம். வின்ஸ் முதல் படத்திலிருந்து. ரோமனும் டெஜும் 2003 படத்திலிருந்து. ஜிசெல் 2009 படத்திலிருந்து. ஹான் 2006இல் 'டோக்கியோ டிரிஃப்ட்'டில் இறந்துபோனவன். அவனை விட மனமில்லாமல், அடுத்து வந்த கதைகளையே அந்தச் சாவுக்கு முன்னால் நடப்பதாக வைத்துக்கொண்டார்கள். ஒட்டாமல் கிடந்த நாலு படங்கள் இந்த ஒரு படத்தால் ஒரே குடும்பத்தின் கதையாயின.

*

துரத்துகிறவராக டுவைன் ஜான்சன். முன்பு துரத்துகிற போலீஸாக இருந்த பிரையன் அந்த வேலையை விட்டுவிட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. டாமாக வரும் வின் டீசலோடு அவர் மோதும்போது சுவரும் கண்ணாடியும் நொறுங்குகின்றன. இரண்டு பேருடைய கனமும் நமக்குத் தெரிகிறது.

*

கனம்தான் இந்தப் படத்தின் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன். கடைசி சேஸிங்கில் இரண்டு டாட்ஜ் சார்ஜர்கள் போலீஸ் நிலையத்து இரும்புப் பெட்டகத்தைக் கம்பி வடத்தில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போகின்றன. நினைத்த இடத்தில் திரும்ப முடியாது, பிரேக் போட்டால் பின்னாலிருந்து வந்து இடிக்கும். வளைவில் பெட்டகம் தானாக வீசிப்போய் ஒரு கட்டடத்தின் முகப்பையே பெயர்க்கிறது. கதையில் ரியோ; ஆனால் படத்தில் பெரும்பகுதியை எடுத்தது போர்ட்டோ ரிக்கோவில். பெட்டகத்தை நிஜமாகவே இழுத்தார்கள். சில ஷாட்டுகளுக்கு, பெட்டகம் போலத் தெரியும் கூட்டுக்குள் ஒரு வண்டியை வைத்து, ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டினார். முந்தைய நாலு படங்களிலும் கார் என்றால் வேகம். அதன் வாலில் ஒரு சுமையைக் கட்டியதும் ஓட்டுகிறவனுக்காக நமக்குப் பயம் வந்துவிடுகிறது, எப்படிச் சமாளிப்பான் என்று.

*

பின்னால் வந்த பாகங்களில் கார் விமானத்திலிருந்து குதித்தது (2015), விண்வெளிக்கும் போனது (2021). கனம் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் 'ஃபாஸ்ட் ஃபைவ்' ஆரம்பத்திலேயே, ரயில் கொள்ளையின் முடிவில், டாமும் பிரையனும் காரோடு மலை விளிம்பைத் தாண்டி ஆற்றில் விழுந்து, கீறல் இல்லாமல் நீந்தி வருகிறார்கள். அந்தப் போக்கு இங்கேயே தொடங்கிவிட்டது.