காதைக் குறை சொல்வதற்கு முன்

கணினியைப் போட்டதும் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது என்று என் வயதுக்காரர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: "எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டதோ என்னவோ." இந்த இரண்டாவது பேச்சுதான் என்னை வருத்துகிறது. வயது ஏறிவிட்டால் எது கோளாறானாலும் பழியை நம் உடம்பின் மேலேயே போட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறோம். பிள்ளைகளிடம் கேட்கவும் கூச்சம். ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறோம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். காலையில் கணினியில் நாதஸ்வரம் கேட்பது அவர் வழக்கம். ஆலாபனை விரிந்துகொண்டு வரும்போதே சத்தம் அடங்கிப்போகும். வெளியூரில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச வசதியாகப் பேரன் ஓர் அழைப்புச் செயலியை ஏற்றி, கணினி திறக்கும்போதே அதுவும் திறக்கும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான். காரணம் அங்கேதான் இருந்தது.

2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. பேசுவதற்கான செயலி ஒன்று ஒலிவழியைத் திறந்தால், யாரோ அழைப்பில் இருக்கிறார்கள் என்று கணினி எடுத்துக்கொண்டு, மற்ற ஒலிகளை 80 சதவீதம் தணித்துவிடும். நாம் எதையும் மாற்றாதவரை அதுதான் நடைமுறை. வீட்டில் தொலைபேசி அடித்தால் டிவி சத்தத்தைக் குறைப்போமே, அதே அக்கறை. பேச்சு முடிந்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆனால் செயலி அந்த வழியை மூடாமல் வைத்திருந்தால், யாரும் பேசாமலேயே பாட்டு அமுங்கிக் கிடக்கும். தானாக நடக்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை இப்படித்தான். நமக்கு நல்லது என்று நினைத்து யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போனவை. கோபப்படுவதைவிட, வைத்தது யார், எதற்காக என்று கேட்டால் சீக்கிரம் விடை கிடைக்கிறது.

ஆகவே முதலில் கண்ணால் பாருங்கள். சத்தம் இறங்கும்போது திரையில் ஒலி அளவுக் கோடும் கூடவே இறங்குகிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா? கோடே இறங்கினால் விசைப்பலகையில் ஒலிக் குறைப்பு விசை அழுந்திக் கிடக்கலாம், ஹெட்செட்டின் திருகு பழுதாகியிருக்கலாம். கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கோடு நிற்கிறது, சத்தம் மட்டும் குறைகிறது என்றால் நான் மேலே சொன்ன ஏற்பாட்டைச் சந்தேகியுங்கள். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் என்பதைத் திறந்தால் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் டூ நத்திங் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் போதும். புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: ஒரு செயலி அதன் மைக்கைத் திறந்தால், அது பாட்டுக்கான தரத்தை விட்டுத் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுவது உண்டு. அதையும் சத்தம் குறைந்ததாகவே காது எடுத்துக்கொள்ளும்.

இதற்கும் அடங்காவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். அழைக்காமல் வந்து உட்காருபவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். டிஸேபிள் கொடுத்தால் செயலி அழிந்துவிடாது. நாம் கூப்பிடும்போது மட்டும் வரும். ஒன்றை நிறுத்துங்கள், கணினியை மூடித் திறங்கள், கேளுங்கள். பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் சத்தம் சரியாகலாம், எதனால் சரியானது என்பது தெரியாமலே போகும். அடுத்த மாதம் அதே தொல்லை வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். பேரப்பிள்ளைகள் இதில்தான் பொறுமை இழக்கிறார்கள். பொறுமை நம் கையில் இருக்கிறது, நாமே செய்வோம்.

காரணம் தேடாமல் ஒலியை முழுதாகக் கூட்டி வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செயலி வழியை மூடிய கணத்தில் தணிந்திருந்த சத்தம் முழுவேகத்தில் காதில் அறையும், ஹெட்செட் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. அதற்கு மேல் சத்தம் கூடக் கூட, கேட்கத்தக்க நேரம் வேகமாகச் சுருங்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு அதே பாட்டைக் கைபேசியிலும் போட்டுக் கேளுங்கள். அதிலும் மங்கலாகத்தான் இருக்கிறது, வீட்டார் பேசும்போது குரல் கேட்டும் சொல் பிடிபடவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்ச் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வலியில்லாத சோதனைதான். தள்ளிப்போட வேண்டாம்.