பழுப்புக்கரி மேல் இருந்த ஊர்

ரொட்டியில் தடவியிருந்தது கறுப்பாக, கம்பியாக இழுபட்டது. கரும்புப் பாகு என்று நினைத்தேன். சர்க்கரை பீட்ரூட் பாகாம். சுற்றுவட்டார வயல்களில் அதுதான் விளைகிறது. "சாப்பிடு. இடிந்த ஆலயத்துக்கு அழத்தானே வந்திருக்கிறாய், வெறும் வயிற்றோடு அழாதே" என்றார் அந்த வீட்டு ஜெர்மானியப் பாட்டி. அவருடைய பேத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

பாட்டியின் ஊர், ஜெர்மனியில் எர்கெலென்ஸ் பக்கம் இருந்த இம்மராத் என்ற சிற்றூர். 1891-இல் கட்டி முடித்த புனித லம்பெர்ட் ஆலயத்துக்கு இரட்டைக் கோபுரம். ஊருக்குப் பொருந்தாத உயரம் என்பதால் செல்லமாகப் 'பேராலயம்' என்பார்களாம். ஊருக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. கார்ட்ஸ்வைலர் சுரங்கம் நெருங்க நெருங்க, மக்கள் புது இம்மராத்துக்குப் போனார்கள். 2013 அக்டோபரில் கடைசித் திருப்பலி. 2018 ஜனவரியில் இரண்டே நாளில் ஆலயம் தரைமட்டம். போராட்டக்காரர்களால் சில மணி நேரம்தான் தள்ளிப்போட முடிந்தது.

"எங்கள் நாட்டில் ஒரு கோயிலை இப்படித் தொடச் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றேன். வெள்ளைக்காரர்களுக்குச் சாமி மேல் பிடிப்பில்லை என்பது என் பழைய எண்ணம்.

"உனக்கு எந்த ஊர்?"

நெய்வேலியை எப்படி விளக்குவது? கைப்பேசியில் அப்பாவின் படத்தைக் காட்டினேன். பின்னால், சக்கரத்தில் வாளிகள் கோத்த ராட்சத இயந்திரம். பாட்டி அப்பாவைப் பார்க்கவேயில்லை. "இது எங்கள் ஊர் இயந்திரமாச்சே!"

உண்மைதான். நெய்வேலியின் முதல் சுரங்கத்துக்குத் தோண்டும் முறையே ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. அங்கே நகரியத்தின் 16வது வட்டத்தில், மின்வெட்டே தெரியாமல் வளர்ந்தவன் நான். வகுப்பில் ஒருத்தி சுரங்கப் பக்கம் கைநீட்டி, "எங்க ஐயனார் அங்கதான் இருந்தாரு" என்பாள். குழிக்குள்ளயா என்று கேட்டுச் சிரித்திருக்கிறோம். கோயிலைத் தொடச் சொல்லுங்கள் என்று சவால்விட்டது இந்த வாய்தான்.

பாட்டி ஒரு துளி அழவில்லை. ஆலய மணியைக் கேட்டுத்தான் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பாராம், இப்போது குழைந்துவிடுகிறதாம். ஊரோடு கல்லறைகளும் இடம்பெயர்ந்தன. கணவரைத் தோண்டி எடுத்துவந்ததைச் சொல்லிவிட்டு, "அவருக்குப் புது இடத்தில் தூக்கமே வராது" என்றார்.

மறுநாள் கெயன்பெர்க் போனேன். அந்த ஊரும் சுரங்கத்துக்குப் போக வேண்டியது. 2030-க்குள் அங்கே நிலக்கரியை நிறுத்துவதென்று 2022-இல் ஒப்பந்தமானதால், அதுவும் பக்கத்து நான்கு ஊர்களும் தப்பின. ஆலயம் நிற்கிறது. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் அதற்குள் வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.