தில்லை மரம்

கானுலா என்றதும் நம்மவர் நினைவு முதுமலைக்கும் யானைக்கும்தான் ஓடுகிறது. கடலூரில் 18 ஆண்டுகளாக வகுப்பறையில் கண்டலையும் தாழையையும் விளக்கிவந்த தமிழாசிரியர்களாகிய நாங்களே, சென்ற மார்கழியில்தான் மாணவர்களோடு சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக்குப் போனோம்.

துடுப்புப் படகு சுரபுன்னை வேர்களுக்கிடையே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. கிளையிலேயே முளைவிட்டுத் தொங்கிய நெடுங்காய்களைத் தலைகுனிந்து கடந்தோம். சேற்றில் நண்டுகள்; நீர்விளிம்பில் அசையாத கொக்கு. மாணவி ஒருத்தி கரையோர மரமொன்றைக் காட்டிப் பெயர் கேட்டாள். எங்களுக்குத் தெரியவில்லை. படகோட்டிதான் சொன்னார்: "அதாங்க தில்லை. கிளைய ஒடிச்சிடாதீங்க சார், பாலு கண்ணுல பட்டா பார்வை போயிடும்."

சிதம்பரத்தின் பழம்பெயர் என்றும், கோயிலின் தலமரம் என்றும் நாங்கள் ஓயாமல் சொல்லிவந்த மரம்! 2004 ஆழிப்பேரலையின் வேகத்தை இக்காடு தணித்ததைப் பின்புறச் சிற்றூர்கள் அறியும். 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. அறியாதிருந்தவர்கள் நாங்கள்தாம்.

அன்று மாலை, தில்லையின் இலையையும் பட்டையையும் அந்தப் படகோட்டியே மாணவர்களுக்கு விளக்கினார். நாங்களும் அவர்களோடு அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டோம். நெய்தல் திணைப் பாடத்தை இவ்வாண்டு அந்தப் படகுத்துறையிலிருந்தே தொடங்குவதாக இருக்கிறோம்.