தன்னாமுனையில் ஒரு தொங்கு படுக்கை

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் போகும் வழியில், வாவியோரம் தன்னாமுனை. அங்கே பிள்ளைகளோடு தொங்கு படுக்கை கட்டி ஓர் இரவு தங்க ஆசையா? மிச்சம் பிடித்த காசு, கண்டதையும் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் உறுதியான துணிப் படுக்கையும், அகலப் பட்டி இரண்டும். மெல்லிய நைலோன் கயிறு மரப்பட்டையை அறுக்கும். தென்னையில் கட்டவே வேண்டாம். தேங்காய் தலையில் விழும். கைக்குழந்தைக்குப் பாய்தான் நல்லது.

அடுத்த காசு நுளம்பு வலைக்கு. நுளம்பு அடித்துணி வழியாகவும் குத்தும். வலை கீழ்ப்பக்கத்தையும் மூடவேண்டும். மேலே மட்டும் போட்ட நான், விடியும்வரை முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன்!

பிறகுதான் தறப்பாள். ஐப்பசி தொடங்கி தை வரை மழைக்காலம். அப்போது போகாமலிருப்பதே மலிவு. தலையணை, விளக்கு, கேத்தல் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றனவே.