ராணி விட்டுப்போன நிலம்

வைகீகிக்கு வருகிறவர்களுக்குப் பகலில் கடல், பொழுது சாய்ந்தால் கடைத்தெரு. ஹவாயின் ஒவாஹு தீவில், ஹொனலுலு நகரத்தின் விளிம்பில் உள்ள கடற்கரை அது. கடலை ஒட்டிப் போகும் கலாகௌவா அவென்யூவில் ஈரத்தலையும் ரப்பர் செருப்புமாக ஜனங்கள் நடந்தபடியே இருப்பார்கள். அந்தச் சாலையில்தான் இருக்கிறது இண்டர்நேஷனல் மார்க்கெட் பிளேஸ். மூன்று தளங்கள், ஆனால் நுழைய வாசற்கதவு கிடையாது, நடைபாதைகளுக்கு மேல் வானம்தான். வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஒரு முனையில் புகுந்து மறு முனையில் வெளியேறுகிறது. சட்டென்று ஒரு தூறல் விழும், யாரும் ஓடமாட்டார்கள். இரண்டு நிமிடத்தில் வெயில் அடிக்கும்.

நடுவில் நிற்கிறது ஓர் ஆலமரம். நம் ஊர் ஆல்தான், இந்தியாவிலிருந்து போன இனம். வயது 150-க்கு மேல் என்கிறார்கள். மரத்தை வெட்டாமல், கட்டடத்தை அதைச் சுற்றி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். பருத்த விழுதுகள் ஒன்றோடொன்று பின்னித் தூணாகிவிட்டன. இளம் விழுதுகளின் நுனி மட்டும் ஈரமாக, வெளிர் மஞ்சளில், இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் கால்களுக்கிடையே சின்னஞ்சிறு வரிப்புறாக்கள் ரொட்டித் துணுக்கு பொறுக்குகின்றன. அந்தத் தீவுகளில் ஆல் நன்றாக வேர்பிடித்துவிட்டது. மாவி தீவின் லஹைனாவில் 1873-இல் நட்ட மரம், 2023 ஆகஸ்டில் ஊரே எரிந்த தீயில் கருகிப்போனது. சில வாரங்களில் அது தளிர்விட்ட படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

"கடைக்குன்னு கூட்டிட்டு வந்தா மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே பெரியம்மா" என்றாள் தங்கை மகள். அவள் அந்த ஊரில் குடியிருப்பவள். எனக்கோ கடைகளைவிட அந்த மண்ணின் மேல்தான் நாட்டம். போவதற்கு முன்பே அதன் கதையைப் படித்திருந்தேன்.

அது எம்மா ராணியின் நிலம். அவரும் கணவர் நான்காம் கமேஹமேஹாவும் ஆண்ட காலத்திலும் அதற்கு முன்பும், கப்பலில் வந்த நோய்கள் ஹவாய் மக்களை வாரிக்கொண்டு போயின. 1853-இல் அம்மை நோய்க்கு மட்டும் ஆயிரக்கணக்கானோர் பலி. ஆஸ்பத்திரி கட்ட அரசிடம் பணம் இல்லை. ராஜாவும் ராணியும் தாங்களே ஹொனலுலு தெருக்களில் இறங்கி, வீடுவீடாகப் போய் நன்கொடை கேட்டார்கள். 1859-இல் குவீன்ஸ் ஆஸ்பத்திரி தொடங்கியது. பிறகு நடந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது. 1862-இல் நான்கு வயது மகன் போனான், மறு வருஷம் கணவர் போனார். எம்மாவுக்கு அப்போது 27 வயது.

1874 பிப்ரவரியில் லுனலிலோ மன்னர் இறந்தபோது, வைகீகியிலிருந்த இந்த நிலத்தை எம்மாவுக்கு எழுதிவைத்திருந்தார். அதே மாதம் அடுத்த ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் எம்மா நின்றார். 39 வாக்குகள் கலாகௌவாவுக்கு, 6 மட்டுமே அவருக்கு. வென்றவர் பெயரில்தான் வாசலில் ஓடும் சாலை. தோற்றவர் 1885-இல் கண்மூடும் முன் தன் சொத்துகளை அந்த ஆஸ்பத்திரிக்காக எழுதிவைத்தார். இந்த நிலமும் அதில் சேர்ந்தது. 1893-இல் ஹவாய் முடியாட்சியே கவிழ்க்கப்பட்டது. எம்மா எழுதிய உயில் மட்டும் இன்றைக்கும் செல்லுபடியாகிறது: இங்கே கடை போடுகிறவர் கொடுக்கும் வாடகையிலிருந்து நிலத்துக்குரிய பங்கு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் போய்ச் சேர்கிறது. இதைச் சொன்னதும் தங்கை மகள் நின்றுவிட்டாள். "குவீன்ஸா? எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் அங்கதான் ஆச்சு பெரியம்மா." மரத்தை அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

அந்தக் காலத்தில் சுற்றிலும் சேப்பங்கிழங்கு வயல்களும் மீன் குளங்களுமாக இருந்ததாம். நெல் வயலைப் போலவே தண்ணீர் கட்டிப் பயிரிடுவார்கள். 1920-களில் ஆலா வாய் கால்வாயை வெட்டி, மலையிலிருந்து வந்த ஓடைகளைத் திருப்பி, தோண்டிய மண்ணாலேயே வயல்களை மேடாக்கினார்கள். இன்றைய ஹோட்டல்களின் அஸ்திவாரம் அந்த மேட்டில்தான்.

1950-களின் பிற்பகுதியில் டான் பீச் என்ற உணவக முதலாளி இங்கே சந்தையைத் தொடங்கினார். மரத்தின் மேலேயே குடில் கட்டி அதைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டார். கீழே தள்ளுவண்டிகள் பெருகின. சிப்பி மாலை, மரச் சிற்பம், பூப்போட்ட சட்டை. பேரம் பேசாமல் யாரும் வாங்கியதில்லை. 2013 முடிவில் அதை மூடினார்கள். 2016 ஆகஸ்டில் பளிங்காய் மீண்டும் திறந்தது. மரத்தில் பழைய நினைவாக ஒரு குடில் இருக்கிறது. மாலையில் மேடையில் ஹூலா ஆடுகிறார்கள், கட்டணமில்லை. வண்டிக்காரர்கள்தான் இல்லை.

வாடகை கூடினால் ஆஸ்பத்திரிக்கு நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான், அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் அன்று நான் பார்த்த கைப்பையும் கடிகாரமும் சென்னை மால்களிலும் கிடைக்கும். அந்தத் தீவில் ஒருவர் கையால் கோத்த சிப்பி மாலை அங்கேதான் கிடைக்கும். ராணி தெருத்தெருவாகப் போய்க் கேட்டபோது பணம் போட்டவர்களில் சிறு வியாபாரிகளும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மரத்தைச் சுற்றியிருக்கும் மேடையில் பத்து வண்டிகள் தாராளமாக நிற்கும். குறைந்த வாடகைக்கு அந்த இடத்தை உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு விட்டால் ஆஸ்பத்திரியின் வருமானம் பெரிதாகக் குறைந்துவிடாது.