தண்ணி எறங்குற எடம் வேற

கார்த்திகை மாதம் கொத்தனார் கைக்குக் கிடைப்பது அரிது. புதுக் கட்டட வேலையெல்லாம் மழையில் நின்றுபோய் ஆள் சும்மா இருப்பார் என்றுதான் நினைப்போம். ஆனால் ஒழுகுகிற வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அந்த மாதத்தில்தான் அவருக்குப் போன் போடுகிறார்கள். சித்தையன்கோட்டையில் நான் பின்னாலேயே சுற்றிய மேஸ்திரியின் சட்டைப்பையில் போன் ஓயவே இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில்: “இப்பப் பாக்கத்தான் வருவேன். வேலை தை பொறந்துதான்.”

வீடு இப்போது ஒழுகும்போது வேலை தையில் என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஈரத் தளத்தின் மேல் பெரும்பாலான பூச்சு சரியாக ஒட்டாது. ஒட்டினாலும் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெயில் ஏறியதும் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பிவிடும். மழைக்காலத்தில் ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். அதுவரைக்கும் தார்ப்பாய்தான். அதையும் தளத்தில் சும்மா விரிக்காமல் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கும்படி போட்டு, மண் மூட்டையை வைத்து அமர்த்த வேண்டும் என்றார்.

அன்று போன வீடு பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில் இருந்தது. முன்கட்டு, வீட்டுக்கார பாயின் தாத்தா கட்டிய மெட்ராஸ் ஒட்டுக் கூரை. பின்கட்டு, மகன் வெளிநாடு போன பிறகு எழுப்பிய கான்கிரீட். இரண்டும் ஒழுகின.

மேஸ்திரி உடனே மாடிக்கு ஏறவில்லை. பின்கட்டு அறையில் ஃபேன் வழியாகத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும், “பாயம்மா, மொதல்ல இந்த ரூம் பீஸ்கட்டையப் புடுங்கச் சொல்லுங்க” என்றார். அதற்கு அப்புறம்தான் மற்றப் பேச்சு. பாய் ஃபேனுக்கு நேர் மேலே மாடியில் ஏற்கெனவே சிமெண்ட் பூசிவைத்திருந்தார். பலனில்லை.

“தண்ணி எறங்குற எடம் வேற, சொட்டுற எடம் வேற, பாய்.”

கான்கிரீட் போடும்போதே சுவரிலிருந்து ஃபேன் பெட்டிவரை ஒயர் குழாயைப் புதைத்துவிடுகிறோம். சுவரோரம் விரிசலில் இறங்குகிற தண்ணீர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டால், பத்தடி தள்ளி நடு அறையில்தான் தலைகாட்டும். மேஸ்திரி காதிலிருந்து பென்சிலை எடுத்து, கூரையில் ஈரம் படர்ந்த ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, தேதியும் எழுதினார். அடுத்த மழையில் ஈரம் எந்தப் பக்கம் கோட்டைத் தாண்டுகிறதோ அந்தப் பக்கம் தேட வேண்டும். மழையே இல்லாத நாளிலும் தாண்டினால் மழையைக் குற்றம் சொல்ல முடியாது. மேல் தொட்டியையோ குழாயையோ பார்க்க வேண்டும்.

கட்டிலுக்கு மேலே ஓரிடத்தில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. கம்பால் தட்டினார், பொக்கென்று சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். கான்கிரீட்டைக் கீழே தள்ளிப் பெயர்த்துவிடும். மேலே என்ன வாட்டர்ப்ரூஃப் அடித்தாலும் இது சரியாகாது. பொக்கானதை உடைத்து, கம்பியைத் தேய்த்து, இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். இதற்கு அன்று நாங்கள் செய்தது கட்டிலை நகர்த்தியது மட்டும்.

மாடியில் பாதி விடை கண்ணெதிரே கிடந்தது. மழைநீர் போகிற ஓட்டை இரண்டு அங்குலம். அதையும் முருங்கை இலையும் தென்னம்பாளையும் ஓர் இறகுப்பந்தும் அடைத்திருந்தன. வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வேண்டும். இங்கே தண்ணீர் நடுவிலேயே குளம் கட்டி நின்றது. கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையில் நீளக் கீறல், அதில் ஓர் அரசங்கன்று. பாய் அதைப் பிடுங்கப் போனார். மேஸ்திரி தடுத்தார்: பிடுங்கினால் தண்டுதான் வரும், வேர் உள்ளே நின்று மறுபடி தளிர்க்கும். சாந்தை உடைத்து வேரோடுதான் எடுக்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தண்ணீர் கட்டிப் பார்ப்பார்கள். ஓட்டையைச் சாக்கால் அடைத்து, பகுதி பகுதியாக வரப்பு கட்டி, இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்துவது. எந்தப் பாத்தி நிறைந்திருக்கும்போது கீழே ஈரம் காண்கிறதோ, கோளாறு அதில்தான். எல்லா மாடிக்கும் இது ஆகாது. ஒரு சதுரத்தில், அதாவது நூறு சதுர அடியில், அந்தத் தண்ணீர் அரை டன்னுக்குக் கொஞ்சம்தான் குறையும். முன்கட்டு ஒட்டின் மேல் இதை வைக்கவே கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த முன்கட்டின் மேல்தான் கண். தேக்குச் சட்டங்களைப் பரப்பி, அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக, கோணவாக்கில் அடுக்கிய கூரை. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு. கணக்கை எழுதிவிடலாம், தளத்தைத் தட்டுவது யார்?

மேஸ்திரியுடன் வந்த இரண்டு சித்தாள்களில் மூத்த அக்கா தட்டுத்தளத்தில் வேலை பார்த்தவர். “வரிசையா உக்காந்து பின்னாடியே நகர்ந்து தட்டுவோம். கடுக்காத் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சு நாள் கணக்காத் தட்டணும். கட்டை பட்டுத் தடம் விழுந்துச்சுன்னா இன்னும் ஆகலைன்னு அர்த்தம். எகிறணும்.” அவர் கையில் கட்டை இல்லை, வெறும் கையாலேயே அந்த எகிறலைக் காட்டினார். மணிக்கட்டு தளர்ந்தே இருந்தது, வேகம் முழங்கையிலிருந்து வந்தது. இறுக்கிப் பிடித்தால் மத்தியானத்துக்குள் கை வீங்கிவிடுமாம்.

தண்ணீர் இறங்காமல் காப்பது அந்தத் தட்டுதான். சுண்ணாம்பு மெல்ல மெல்ல இறுகும். மயிரிழைக் கீறல் விட்டால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே போய் அடைத்துக்கொள்ளும். சிமெண்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இவ்வளவும் தெரிந்த அக்காவுக்குச் சம்பளக் கணக்கில் பெயர் சித்தாள். கூலி கொத்தனாருடையதைவிடக் குறைவு. இதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

பாயிடம் கடைக்காரர் யாரோ ஒரு வாளி ரசாயனப் பூச்சு போதும் என்று சொல்லியிருக்கிறார். பூச்சு கெட்ட சரக்கு அல்ல. நல்ல கான்கிரீட் தளத்தில், கீறலை அடைத்து, காயவிட்டு அடித்தால் சில வருஷம் காக்கும். பெயர்ந்த தட்டோட்டின் மேல் அடித்தால் ஓடு பெயரும்போது அதுவும் கூடவே வரும். பழைய ஒட்டில் இன்னொரு சங்கடம்: மேலே இறுக்கி மூடினால் ஏற்கெனவே இறங்கிய ஈரம் கீழே சட்டத்தில் தங்கும். சட்டம் முதலில் உளுப்பது சுவருக்குள் புதைந்திருக்கிற முனையில். மேஸ்திரி அங்கே ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். இரண்டு சட்டங்களில் அது நுழையவில்லை. மூன்றாவதில் அரை அங்குலம் உள்ளே போனது.

அந்தச் சட்டத்துக்குக் கீழே அன்றே முட்டுக் கொடுத்தார்கள். பிறகு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பின்கட்டில் ஓட்டையை நாலு அங்குலமாக்குவது, சுவரோர மூலையை உருட்டிப் பூசுவது, வாட்டம் திருத்துவது. முன்கட்டில் ஒரு சட்டம் மாற்றி, ஒழுகுகிற பகுதியை மட்டும் எடுத்துப் புதுத்தளம் தட்டுவது.

“தட்டத் தெரிஞ்ச பொம்பளையாளு இன்னும் நாலு பேர் வேணும்” என்றார் மேஸ்திரி.

“நான் கூட்டியாறேன்” என்றார் அக்கா. “ஆனா கொத்தனார் கூலி குடுக்கணும். சித்தாள் கூலின்னா அவளுக வர மாட்டாளுக, நானும் வரல.”

மேஸ்திரி பாயைப் பார்த்தார். பாய் உள்ளே திரும்பிப் பார்த்தார். “குடுத்துருவோம். நோன்பு வர்றதுக்குள்ள முடிச்சுக் குடுத்துரணும்” என்று பாயம்மாவின் குரல் வந்தது.