பெயர் மட்டும் தெரிந்த குரல்

பின்னணிப் பாடகி ஸ்வர்ணலதா இறந்தது 2010 செப்டம்பர் 12, விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். வயது 37. நுரையீரல் நோய். மூச்சு எடுக்கிற சத்தமே வெளியே தெரியாமல் நீண்ட வரிகளைப் பாடி முடித்தவரை, மூச்சைப் பறித்துத்தான் மரணம் கொண்டுபோனது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் மனசு ஆறவில்லை. ‘தேவர் மகன்’ படத்தில் தேசிய விருது பெற்ற பாட்டைப் பாடும்போது எஸ். ஜானகிக்கு 54 வயது. அப்படிப் பார்த்தால் ஸ்வர்ணலதா பாடியிருக்க வேண்டிய பாட்டுகளில் பாதிகூட நமக்கு வந்து சேரவில்லை.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் கல்குளம் தாலுகாவில் இருக்கிறது. அங்கே அவர் குரல் நாகர்கோவில் வானொலி வழியாக வந்தது. 1984 அக்டோபர் 30 அன்று கோணத்தில் தொடங்கிய நிலையம் அது. இந்தியாவிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றும் பெருமை உண்டு. அதற்கு முன்னால் திருநெல்வேலியையும் திருவனந்தபுரத்தையும் இலங்கையையும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்தோம். நடுவில் இரைச்சல் வரும். மலையாளப் பாட்டு பாதியில் தமிழ்ச் செய்தியாகிவிடும். கோணம் வந்த பிறகுதான் பாட்டு பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

மைனி (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அப்போது அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்ததும் கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். “மக்ளே, சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வை, அந்தப் பிள்ள பாடுது” என்பார். ஜானகி அம்மா, சுசீலா அம்மா என்று மற்றவர்களை மரியாதையாகச் சொல்கிறவருக்கு ஸ்வர்ணலதா மட்டும் ‘அந்தப் பிள்ள’. முகம் எப்படி இருக்கும் என்று மைனிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாட்டு தொடங்குமுன் அறிவிப்பாளர் படத்தின் பெயர், இசை, பாடலாசிரியர், பாடியவர் என்று நிதானமாகச் சொல்வார். அந்தக் கடைசிப் பெயரைக் கேட்கத்தான் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பு இப்போது எனக்கு வாய்ப்பதில்லை. சென்னையில் என் கைபேசியில் அவர் பாட்டுகள் எல்லாம் இருக்கின்றன, தொட்டால் உடனே பாடுகின்றன.

அவர் பிறந்தது பாலக்காட்டுச் சித்தூர். பழைய கொச்சி ராஜ்யத்தின் ஒரு துண்டு, கோயம்புத்தூர் எல்லையோரம். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகிற மண். நாங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்க்காரர்கள்தான். இந்தப் பக்கம் தமிழ்நாடு என்று கோடு போட்ட பிறகும் எங்கள் காதுகள் அந்தக் கோட்டைக் கவனிக்கவில்லை. ஓணத்துக்கும் பூ வாங்குவோம், பொங்கலுக்கும் கரும்பு வெட்டுவோம். அதனால்தானோ என்னவோ, அவர் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர் என்று தெரிந்தபோது எங்களுக்கு வியப்பு வரவில்லை, உறவு தட்டுப்பட்டது.

அவருடைய அப்பா செருக்குட்டி ஆர்மோனியக் கலைஞர், பாடகர். வீட்டிலேயே சங்கீதம் இருந்தது. 1987-இல் எம்.எஸ். விஸ்வநாதன் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில் ஜேசுதாஸோடு பாட வைத்தார். பாடியது பாரதியார் பாட்டு, வயது 14. அந்த வயதில், அந்தப் பாட்டில், அந்த ஜாம்பவான்களுக்கு நடுவில் ஒரு சிறுமி பதறாமல் நிற்கிறாள். இன்று கேட்டாலும் தமிழ் உச்சரிப்பில் ஒரு பிசிறு காண முடியாது.

அப்புறம் இளையராஜா. 1990-இல் ‘சத்ரியன்’, 1991-இல் ‘சின்னத்தம்பி’, 1993-இல் ‘வள்ளி’. இந்த மூன்று படங்களிலும் அவர் தனியாகப் பாடியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு பெண் தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறாள், நாம் ஒட்டுக்கேட்கிறோம். மேல் ஸ்தாயிக்குப் போகும்போதும் குரல் விரிசலிடாது, மினுக்கவும் செய்யாது. திறமையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையே அந்தக் குரலுக்கு இல்லை. தமிழ்த் திரையில் தனிமையை அவரைப்போல் வேறு யாரும் பாடவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ‘சின்னத்தம்பி’க்கு மாநில அரசு விருது கிடைத்தது.

நாடு முழுக்க ஆட வைத்தது வேறு பாட்டுகள். ‘ஜென்டில்மே’னில் சாகுல் ஹமீதோடு, ‘காதல’னில் மனோவோடு, இந்தியில் ‘ரங்கீலா’வில் ஹரிஹரனோடு. கொடை விழாவானாலும் தேவாலயத் திருவிழாவானாலும் மைக் செட்காரர் போட்டதெல்லாம் அவைதான். எனக்கும் பிடிக்கும். ஆனால் மைனி அவற்றுக்குச் சத்தம் கூட்டச் சொன்னதில்லை.

மைனி பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது ‘கருத்தம்மா’ பாட்டு. 1994. ஏ.ஆர். ரகுமான் மெட்டு, வைரமுத்து வரி. அதே மெட்டு படத்தில் இரண்டு முறை வருகிறது. உன்னிமேனனும் சுஜாதாவும் பாடுவது மகிழ்ச்சிக்கு, ஸ்வர்ணலதா பாடுவது துயரத்துக்கு. ஊரைவிட்டுப் போகிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. எங்கள் பக்கம் துஷ்டி வீட்டில் வயதான அத்தைமார் ஒப்பாரி சொல்லும்போது, வரியின் கடைசியில் குரலை இழுத்து, உடையப் போகிற இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அந்த நிறுத்தம் 21 வயதுப் பெண்ணுக்கு எப்படிக் கைவந்தது? கட்டிக்கொடுத்து எங்கள் வீட்டுக்கு வந்த மைனி, அந்தப் பாட்டு முடியும் வரை எண்ணெய் தேய்த்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பார். தாய்வீட்டை நினைத்தாரா என்று நான் கேட்டதில்லை. அந்தப் பாட்டுக்கு ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது வந்தது. ரகுமான் இசையில் பாடித் தேசிய விருது பெற்ற முதல் பாடகி அவர்தான்.

2000-இல் ‘அலைபாயுதே’யில் புல்லாங்குழலோடு வருகிற அந்தப் பாட்டுக்குப் பிறகு அவர் குரல் அபூர்வமாகிக்கொண்டே போனது. புதுக் குரல்கள் வந்தன, அது இயல்பு. அவரோ கூச்ச சுபாவம் உள்ளவர், பேட்டிகளுக்கு அதிகம் வந்ததில்லை, தனக்காகக் கேட்டு நிற்கிறவராகவும் தெரியவில்லை. இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் போட்டபோதுதான் மைனி முதன்முதலாக அந்த முகத்தை நின்று பார்த்தார். “நம்ம வீட்டுப் பிள்ள மாதிரியில்லா இருக்கு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் அண்டி ஆபீஸ் இப்போது இல்லை. மைனிக்கும் காது மந்தமாகிவிட்டது. கோணம் நிலையம் இருக்கிறது, 101 மெகாஹெர்ட்ஸில் இன்றும் பாட்டு வருகிறது. ஊருக்குப் போனால் முதலில் அதைத்தான் வைப்பேன். ஆனால் பாட்டைக் கேட்பவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அரை நிமிடத் துண்டுகளாக வெட்டி, நடிகையின் முகத்தைப் போட்டு, இசையமைப்பாளர் பெயரை எழுதி அனுப்புகிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். பாடியவர் பெயர் எங்கும் இல்லை. வாழ்ந்த காலத்தில் முகத்தைக் காட்டிக்கொள்ளாதவருக்கு இருந்த ஒரே அடையாளம் அந்தப் பெயர். வானொலி அறிவிப்பாளர்கள் ஒருநாளும் அதை விழுங்கியதில்லை.

அந்தப் பாட்டுகளை நீங்களும் பகிர்கிறவராக இருந்தால், ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: பாடியவர் ஸ்வர்ணலதா.